அந்த அரை மணி நேரம்

சபுராவின் இடது முன்கையில் வரிசையாக நகம் பதிந்த காயங்கள். சில காய்ந்து கறுத்திருந்தன. இரண்டு நேற்றுப் பட்டவை, இன்னும் ஈரம் காயவில்லை.

தங்கையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கரீம் பாட்சாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அவன் வேலையா இது?"

"இல்லண்ணே. அவுக என்னைய ஒரு அடி அடிச்சதில்ல, ஒரு சொல்லு வஞ்சதில்ல. இது என் நகந்தான்."

"பெறகு எதுக்குட்டி பெட்டியக் கட்டி வச்சிக்கிட்டு, கோவண்டிக்கு ஆளு விட்டு என்னையக் கூப்பிட்ட? குடிக்கானா?"

"இல்ல."

"வேற பொம்பள சகவாசமா?"

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதண்ணே."

"பின்ன என்னதான் செய்யுதான்?"

சபுரா தலையைக் குனிந்துகொண்டாள். "சாப்பிடுதாக."

கரீம் பாட்சா சிரிக்கப் பார்த்தான். அவள் கண்ணில் நீர் தளும்பியதும் அடக்கிக்கொண்டான்.

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த மட்டும் சொன்னாள். தாராவியில் சத்தத்துக்கா பஞ்சம்? அடுத்த சுவருக்கு அப்பால் நாள் முழுக்கத் தோலைச் சுத்தியலால் தட்டுவார்கள். ரயில் போகும், குழாயடியில் நாலு பாஷையில் சண்டை நடக்கும். எதுவும் அவளை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒருவர் வாயில் போட்டு மெல்லுகிற சத்தம் காதில் விழுந்தால் போதும். நெஞ்சு படபடக்கும், எதிரில் இருப்பவர் கழுத்தை நெரித்துவிடலாம் போல வெறி வரும். சின்ன வயதில் வாப்பா டீயை உறிஞ்சும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு ஓடி, உம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறாள்.

இங்கே ஓட இடமில்லை. இருப்பது ஒற்றை அறை. தோல் பை தைக்கிற கார்கானாவிலிருந்து கலீலுல்லா பகலில் அரை மணி நேரம் வந்து சாப்பிட்டுப் போவான். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து உட்கார்ந்து உண்டால்தான் வீட்டில் பரக்கத்து என்று மாமியார் நிக்காஹ் அன்றே இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். அன்றிலிருந்து எட்டு மாதம், அந்த அரை மணி நேரத்தை முன்கையில் நகத்தைப் பதித்துத்தான் சபுரா தாண்டினாள். மழை கொட்டித் தகரக் கூரை அதிரும் நாட்கள்தான் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி.

"வேணும்னே செய்யுதாகண்ணே. எனக்கு ஆகலன்னு கண்டுக்கிட்டுத்தான் செய்யுதாக. நாளுக்கு நாள் சத்தம் கூடுது. இனி ஒரு மாசம் இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

"இத நான் ஜமாத்துல எப்படிட்டி சொல்ல? மாப்பிள்ள சோறு திங்காரு, தலாக் வாங்கிக் குடுங்கன்னா?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நனைந்த சட்டையோடு உள்ளே வந்த கலீலுல்லா மச்சானைப் பார்த்ததும் மலர்ந்தான். "வாங்க மச்சான், எப்ப வந்தீக?" என்றவன் கண், கட்டி வைத்த தகரப் பெட்டியில் போய் நின்றது. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஆண்கள் இரண்டு பேருக்கும் சோறும் மீன் ஆணமும் பரிமாறிவிட்டு, சபுரா ஸ்டவ் பக்கமாக ஒதுங்கி நின்றாள். மழை சுத்தமாக விட்டிருந்தது.

கலீலுல்லா சாப்பிட்டான். ஒரு சத்தம் இல்லை. உதடு பிரியாமல், பிசைகிற விரல்கூட ஓசை எழுப்பாமல், பாதித் தட்டைக் காலி செய்துவிட்டான். சோற்றை வாயில் வைக்காமல் பிசைந்தபடியே கவனித்துக்கொண்டிருந்த கரீம் பாட்சா நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். பொய் சொல்லி இத்தனை தூரம் வரவழைத்தாயா என்று கேட்டது அந்தப் பார்வை.

சபுரா பதறிப்போய்ப் புருஷனின் தட்டையே பார்த்தாள். இனி யார் அவள் பேச்சை நம்புவார்கள்?

"அங்க என்ன நிக்க? நீயும் தட்ட எடுத்துட்டு வந்து உக்காரு," என்றான் அண்ணன், சற்றுக் காரமாகவே.

அவள் உட்கார்ந்தாள். பொரித்த கருவாட்டைக் கடித்து, ஒரு வாய்ச் சோறு மென்றாள். இரண்டாவது வாய்க்குக் கை போகுமுன் அது ஆரம்பித்துவிட்டது. சப்பு சப்பென்று மெல்லல். ஆணத்தைக் கையில் அள்ளி உர்ரென்று ஓர் உறிஞ்சல். கரீம் பாட்சாவின் கை பாதியில் நின்றது.

சபுரா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"கேட்டியாண்ணே? நீ மட்டும் இருந்தா ஒரு மாதிரி, நான் வந்து உக்காந்தா ஒரு மாதிரி! என்னைய வெரட்டத்தான் இந்த வேலை. நான் போறேன். இவுக நிம்மதியா இருக்கட்டும்."

கலீலுல்லாவின் முகத்தில் ரத்தம் இல்லை. எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"மாப்பிள்ள, உண்மையச் சொல்லும்," என்றான் கரீம் பாட்சா. "நீரு வேணும்னுதான் செய்யுதீரா?"

கலீலுல்லா தட்டை ஓரமாக நகர்த்தினான்.

"ஆமா மச்சான். நிக்காஹ் முடிஞ்ச மறுநாள்லருந்து வேணும்னுதான் செய்யுதேன்."

சபுரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். கரீம் பாட்சா பெட்டியைத் தூக்கிவிட்டான்.

"அல்லா மேல ஆணையா வெரட்டுததுக்கு இல்ல சபுரா," கலீலுல்லா எழுந்து வாசலை மறித்தான். "நீ மெல்லுத சத்தம் என் காதுல விழாம இருக்கத்தான்."