தாய்மாமன் வீட்டுப் பர்சு

கோமதி மகனின் காதுகுத்தில் தாய்மாமன் வீட்டு மொய்தான் முதலில் எழுதப்படவேண்டும். மொய் எழுதுபவர் மைக்கைப் பிடித்துக் காத்திருக்க, கோமதியின் அண்ணி தெய்வானை பர்சின் பூட்டில் பெருவிரலை வைத்தாள். கடன் கொடுத்த கம்பெனியே கையில் திணித்த பர்சு அது. அனாவசியச் செலவென்றால் திறக்காது.

"ஐயாயிரத்தொண்ணு," என்று அதனிடம் கிசுகிசுத்தாள்.

"முடியாதுங்க," என்றது பர்சு, மைக்குக்கே கேட்கும்படி. "உங்களுக்கு மூணு தவணை பாக்கி நிக்குது. இருநூத்தொண்ணு வேணும்னா தரேன்."

தெய்வானை கூசிப்போய்த் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்ற பெண்களெல்லாம் தங்கள் பர்சுகளை அவசரமாக முந்தானையில் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கனத்த சங்கிலி போட்ட பெரியப்பா ஒருவர் வயிறு சரியில்லையென்று வாசல் பக்கம் நழுவினார்.

கோமதி ஓடிவந்து தெய்வானையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த இருநூத்தொண்ண எங்கையிலயே குடுத்துருங்க அண்ணி. காது குத்துன ஆசாரி கூலிக்கு நிக்கறாரு. எம்பர்சு அதையே அனாவசியங்குது!"