மருந்து படாத எலும்பு

"ஒரு குடுவையை ஒழுங்காக் கழுவத் தெரியலை, உனக்கெல்லாம் ஆராய்ச்சி ஒரு கேடா?"

தலைமை ஆய்வாளர் போட்ட சத்தத்தில், புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லாத்தான் கழுவினேன் மேடம். அமிலத்துலகூட ஊற வெச்சேன்."

"அப்போ மருந்து எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்து குதிச்சுதா?"

எலும்புத் தேய்மானத்துக்கு அங்கே ஒரு புது மருந்து தயாராகிக்கொண்டிருந்தது. அதன் அயனிகள் எலும்புக்குள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று அளப்பதுதான் இவர்கள் வேலை. அறுவைச் சிகிச்சையில் அகற்றிய இடுப்பெலும்பு மருத்துவமனையிலிருந்து வரும். அதை நகம்போல மெல்லிசாக அறுத்து, இரண்டு கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே பொருத்துவார்கள். ஒரு பக்கம் மருந்துக் கரைசல், மறுபக்கம் வெறும் நீர்.

இன்று சரிபார்ப்பதற்காக இரண்டு பக்கமும் வெறும் நீர்தான் ஊற்றியிருந்தார்கள். ஆனாலும் நீரில் மருந்து இருக்கிறது என்று கருவி அடம்பிடித்தது.

"மேடம், அதே குடுவையில வேற எலும்பை வெச்சா ஒண்ணும் வரலை. இதுல மட்டும்தான் வருது. ஒருவேளை இந்த எலும்புக்காரங்க ஏற்கெனவே நம்ம மருந்தைச் சாப்பிட்டிருப்பாங்களோ?"

மேடம் எலும்பு வந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பெயர் போடுவதில்லை. 'பெண், வயது எழுபத்திரண்டு' என்று மட்டும் இருந்தது. டப்பாவைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார்.

"லூசா நீ? எலிக்கே இன்னும் குடுத்து முடியலை. மனுஷங்களுக்குக் குடுத்தா ஜெயில்தான். இந்த ரூமை விட்டு ஒரு சிட்டிகை வெளியே போனதில்லை, தெரிஞ்சுக்கோ."

"இன்னொரு துண்டு அறுத்துப் பாத்துடலாமே மேடம்..."

மேடம் மீதி எலும்பை எடுத்து, அமிலக் கழிவுத் தொட்டியில் போட்டார்.

"நாளையிலேருந்து நீ வர வேணாம்."

"ஐயோ மேடம்! கழுவத் தெரியாதவள்னு நீங்க எழுதிட்டா, எனக்கு வேற எந்த ஆய்வுக்கூடத்துலயும் வேலை கிடைக்காதே!"

"அப்படித்தான் எழுதப் போறேன்."

எழுதவும் செய்தார். படித்தவர்கள் அடுத்தவர் வயிற்றில் அடிப்பதற்குக் கையை ஓங்கவே வேண்டியதில்லை.

அந்தப் பெண் அழுதுகொண்டே பையை எடுத்துக்கொண்டு போனாள். மற்றவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை.

மேடம் வீட்டுக்கு வந்தபோது, போன வாரம் இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்திருந்த மாமியார் கட்டிலில் சாய்ந்திருந்தார். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"ஏம்மா இப்படி வெளிறிப் போயிருக்கே? பயப்படாதே. வேற ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களான்னு டாக்டர் இன்னிக்கும் போன்ல தோண்டித் தோண்டிக் கேட்டாரு. எலும்பு கெட்டிப்படும்னு நீ ஆபீஸ்லேருந்து எடுத்துட்டு வந்து, பால்ல கலந்து குடுப்பியே ஒரு பொடி, அதைப் பத்தி நான் மூச்சு விடலை."