கதவுக்கும் தடை

“தடிமாடே, என்னத்தடா பண்ணித் தொலைச்சே? கதவு திறக்க மாட்டேங்குது!”

டெல்லி மயூர் விஹாரில் மூன்றாவது மாடி. கைலியும் பனியனுமாக வராந்தாவில் நின்றார் சதாசிவம். காய்கறி வாங்கக் கீழே இறங்கிய மனைவியையும் மகனையும் பார்த்து, “கொத்தமல்லி மறந்துடாதீங்க!” என்று கத்த வெளியே வந்ததுதான் வினை. பின்னால், போனால் திறக்கும் ஸ்மார்ட் பூட்டுப் போட்ட கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கீழே போனவர்கள் திரும்பி ஓடி வர, இப்போது மூன்று பேரும் வெளியே. அடுப்பில் சாம்பார் உள்ளே.

ப்ரணவ் போனைப் பார்த்தான். “அப்பா, கேம்ல என் அக்கவுண்டை பிளாக் பண்ணிட்டாங்க. டி.வி., பூட்டு எல்லாம் அதே கம்பெனி, அதே அக்கவுண்ட்.”

“அதுக்கு? என் வீட்டுக்குள்ள என்னை விடாம இருக்க அவன் யாருடா?”

“சட்டம் அப்புறம் பேசலாம். சாம்பார் அடிப்பிடிக்குது!” என்றாள் மனைவி பிரபா.

மகனின் போனிலிருந்தே கம்பெனிக்குப் போன் போட்டார் சதாசிவம். நல்லவேளை, தமிழ் தெரிந்த பெண் ஒருத்தி கிடைத்தாள்.

“சார், உங்க அக்கவுண்ட் மைக்ல தினமும் ஒரே திட்டு. கூட ஆடுற மதுரைப் பிள்ளை ஒண்ணு அழுதே விட்டுருச்சு. தமிழ்ல அப்படியொரு வசவு!”

சதாசிவத்துக்குச் சுர்ரென்று ஏறியது. “பூட்டு, டி.வி., கேம் எல்லாம் முழுப் பணம் குடுத்து வாங்கினது மேடம், வாடகைக்கு எடுக்கலை! நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுத்துடுவேன்!”

“விதிமுறைக்கு நீங்க சம்மதிச்சிருக்கீங்க சார்.”

“அதை எவன் படிச்சான்? என் பையன் டெல்லியிலேயே பொறந்தவன். அவனுக்குத் தமிழ்ல தண்ணி கேட்கவே நாக்கு தடுமாறும். திட்டு எங்கேருந்து வரும்? ஆதாரம் இருக்கா?”

“ரெகார்டிங் இருக்கு சார்.”

ப்ரணவ் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான். “அப்பா, வேண்டாம் ப்ளீஸ். ரஹ்னே தோ, விட்டுடுங்க.”

“பயப்படாதேடா, நான் இருக்கேன்!” சத்தம் கேட்டு எதிர் வீட்டு இன்பராணி டீச்சர் எட்டிப் பார்க்க, “வாங்க டீச்சர், நீங்கதான் சாட்சி” என்று ஸ்பீக்கரைப் போட்டார் சதாசிவம். “போடுங்க மேடம்! அது என் பையன் குரல் இல்லேன்னா கதவைத் திறக்கணும். திட்டினவன் யாரா இருந்தாலும் சரி, இந்த வராந்தாவிலேயே நூறு தோப்புக்கரணம் போட்டாகணும். சரியா?”

“சரி சார்.”

முதலில் படபடவென்று துப்பாக்கிச் சத்தம். அப்புறம் கூட ஆடுகிறவனை இடப்பக்கம் வரச்சொல்லி இந்தியில் ப்ரணவ்: “பையா, லெஃப்ட் மே ஆ ஜா!” அதையும் அமுக்கிக்கொண்டு பின்னாலிருந்து இன்னொரு குரல் வராந்தாவே அதிர வந்தது.

“எருமை! தடிமாடே! தண்டச்சோறு! எத்தனை தடவைடா கூப்பிடறது? எழுந்து வாடா, சாம்பார் ஆறிப்போகுது!”

இன்பராணி டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நீங்க சொன்னது கரெக்ட் சார், உங்க பையன் குரல் இல்லை” என்றாள் போனில் அந்தப் பெண். “ஆரம்பிங்க, நான் எண்ணறேன். நூறு முடிஞ்சதும் கதவைத் திறக்கறேன்.”