மூணா, எட்டா?

"இந்தக் கோடு ஏன் வளைஞ்சிருக்கு?" என்று திரையைக் காட்டி ஃபெலிக்ஸ் மறுபடியும் கேட்டார்.

சுபாஸ்ரீக்கு எரிச்சலாக வந்தது. மாதாப்பூர் ஆபீஸிலிருந்து ஜீடிமெட்லா தொழிற்சாலை வரை வந்து, மருந்துக் கம்பெனிக்காரர் எதிரில் தன் மேனேஜரே இப்படிக் கேட்டால்?

மாத்திரை அட்டைகளைப் படமெடுத்து, காலாவதி தேதி சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கும் சாஃப்ட்வேர் அவள் எழுதியது. கம்பெனியின் தர அதிகாரி லக்ஷ்மிநாராயணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஃபெலிக்ஸ்தான் விடவில்லை.

"மெஷின்ல இடம் கம்மி, ஃபெலிக்ஸ். கேமராவை ரொம்பக் கிட்ட வைக்க வேண்டியிருக்கு. இந்த லென்ஸ் ஓரத்தையெல்லாம் வளைச்சுக் காட்டும். இப்ப பாருங்க."

ஒரு பட்டனை அழுத்தினாள். அட்டையின் விளிம்புகள் ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் நேராயின.

"பியூட்டிஃபுல்!" என்றார் லக்ஷ்மிநாராயணன். "நாளைக்கே லைன்ல மாட்டிடலாம்."

"ஒரு நிமிஷம் சார்" என்றார் ஃபெலிக்ஸ். "கோடு நேராச்சு. மூலையில எழுத்து ஏன் மங்கிடுச்சு?"

'இவரையெல்லாம் யார் மேனேஜராக்கினது?' என்று நினைத்துக்கொண்டாள்.

"நேராக்கணும்னா ஓரத்துப் படத்தை வெளிப்பக்கம் இழுக்கணும். இழுத்தா புள்ளிகளுக்கு நடுவுல இடைவெளி விழும். பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து சாஃப்ட்வேரே அதை நிரப்பிக்கும்."

"நிரப்பிக்கும்னா? ஊகமா?"

"ஒரு மாதிரி ஊகம்தான்."

"அப்ப இந்த மூலையில இருக்கற மாசம்... மூணா, எட்டா?"

சுபாஸ்ரீ சலிப்போடு குனிந்து பார்த்தாள். மூணு மாதிரியும் இருந்தது, எட்டு மாதிரியும் இருந்தது.

பழைய வளைந்த படத்தைத் திறந்தாள். கோணலாக, ஆனால் பளிச்சென்று மூணு.

எட்டு என்று தப்பாக அச்சான அட்டையை சாஃப்ட்வேர் மூணு என்று படித்து விட்டுவிட்டால்? மார்ச்சில் காலாவதியாகிற மருந்தை ஆகஸ்ட் வரை யாராவது விழுங்கிக்கொண்டிருந்தால்?

"எழுத்தை வளைஞ்ச படத்திலேயே படிச்சிடலாம்" என்றாள் மெதுவாக. "நேராக்கின படம் அச்சு இடம் மாறாம விழுந்திருக்கான்னு அளக்க மட்டும் போதும். மாத்திக் கொண்டு வர்றேன் சார்."

"ஆமா, அதுதான் சரி. மாத்திட்டு வாங்க, அப்புறம் மாட்டலாம்" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

கிளம்பும்போது ஃபெலிக்ஸ் கார் எடுக்கப் போக, லக்ஷ்மிநாராயணன் அவளைத் தனியாக நிறுத்தினார்.

"உங்க மேனேஜர் பெரிய மனுஷர்மா."

"ஏன் சார்?"

"எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒண்ணும் விளங்கலை. இவ்வளவு வருஷ சர்வீஸ், சின்னப் பொண்ணுகிட்ட கேட்க வெட்கம். சும்மா தலையாட்டிட்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டு, தனக்குத் தெரியாத மாதிரி எனக்காகக் கேட்டார் பாருங்க!"

சுபாஸ்ரீக்குக் குழப்பமாக இருந்தது. பிறகு கூச்சமாக இருந்தது. இத்தனை பெருந்தன்மையான மனிதரையா அப்படி நினைத்தோம்?

காரில் ஏறியதும் சொல்லிவிட்டாள்.

"சாரி, ஃபெலிக்ஸ். நீங்க கேட்கக் கேட்க எனக்குக் கோபம்தான் வந்தது. அவருக்குப் புரியலைன்னு தெரிஞ்சு, அவருக்காகத்தான் கேட்டீங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

ஃபெலிக்ஸ் சாவியைத் திருப்பாமல் அவளையே பார்த்தார்.

"அவருக்கும் புரியலையா?" என்றார். "அடக் கடவுளே! அவர் தலையாட்டறதைப் பார்த்து, எனக்கு மட்டும்தான் மண்டையில ஏறலைன்னு நினைச்சுல்ல சுபா கேட்டுக்கிட்டே இருந்தேன்!"