சாமொரே ஊர்ப்பலகை

காட்டுப் பாதை இறங்கத் தொடங்கியதும் நான் பெடலை மிதிப்பதை நிறுத்தினேன். கால்களுக்கு ஓய்வு கொடுக்கிற இடம் அது.

டயருக்கு அடியில் சரளை பொரிந்துகொண்டிருந்தது. மரங்களுக்கு அடியில் காட்டுப் பூண்டு வாசனை. கீழே கால்வாய் பச்சையாகத் தெரிந்தது. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வேறு எங்கேயும் இருக்க எனக்கு ஆசை இல்லை.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரே பந்தயம்தான். சாமொரே என்று எழுதியிருக்கும் ஊர்ப்பலகையை முதலில் தாண்டுகிறவர் அடுத்த ஞாயிறு எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யலாம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பலகை இருப்பது பாலத்தைத் தாண்டி, மேட்டின் உச்சியில். நான் ஒல்லி. மேடு என்றால் எனக்கு அல்வா. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் நான் ஜெயிப்பேன். அதனாலேயே அடுத்த ஞாயிறும் மலைப்பக்கம் போவோம்.

அனிசே என்னைப்போல் இரண்டு பேர் எடை. பல வருடமாக அவன் கேட்பது ஒரே ஒரு பாதை. ஆற்றோரமாகவே போய், படகுத்துறைக் கடையில் பொரித்த பொடிமீனும் வெள்ளை ஒயினும் சாப்பிட்டுவிட்டு, ஆற்றோரமாகவே திரும்புவது. ஒரு மேடுகூட இல்லாத பாதை. என்னைக் கேட்டால் அது சைக்கிள் பயணமே இல்லை, பந்திக்குப் போகிற வழி.

"இன்னைக்காவது கொஞ்சம் விட்டுக்குடேன்டா, லூசியேன்," என்றான் பின்னாலிருந்து.

"தொப்பைய வீட்ல வச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்."

எங்களுக்கு நடுவில் வந்த ஒதீல் சிரித்தாள். அவளுக்கு எந்தப் பாதையானாலும் சரி, நாங்கள் இரண்டு பேரும் முட்டிக்கொண்டால் போதும்.

திடீரென்று பின்னால் சரளை உறுமியது.

அனிசே என்னைத் தாண்டிப் போனான். தாடையை ஹேண்டில்பாரில் ஒட்டவைத்து, முழங்கைகளை ஒடுக்கி, அத்தனை பெரிய உடம்பையும் மடித்து வைத்திருந்தான். வழக்கமாக இந்த இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருகிறவன், இன்று அதைத் தொடவே இல்லை. பாரம் அதிகம் என்றால் இறக்கத்தில் வேகமும் அதிகம். உருட்டிவிட்ட பீப்பாய் மாதிரி போனான்.

"பைத்தியம் பிடிச்சிருச்சு இவனுக்கு!" என்று ஒதீல் கத்தினாள்.

நான் துரத்தவில்லை. இன்னும் பாலம் இருக்கிறது, முழு மேடும் இருக்கிறது. பாதி மேட்டில் அவன் நாக்குத் தள்ளி நிற்பான், நான் சீட்டியடித்துக்கொண்டே தாண்டிப் போவேன். நிதானமாக பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

வாயில் தண்ணீர் இருக்கும்போதுதான் அதைப் பார்த்தேன்.

காட்டுப் பாதை ரோட்டில் சேரும் இடத்தில், கால்வாய்க்கு இந்தப் பக்கம், சிவப்பு விளிம்பு வைத்த வெள்ளைப் பலகை. சாமொரே.

அனிசே இரண்டு கையையும் உயர்த்தி, ஊளையிட்டுக்கொண்டே அதைத் தாண்டினான். தாண்டியவனால் நிற்க முடியவில்லை. ரோட்டையும் தாண்டிக் காஞ்சொறிப் புதருக்குள் போய் விழுந்தான். வாத்துகள் அலறிப் பறந்தன. புதருக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

"செல்லாது! பலகை மேல இருக்கு!" என்றேன்.

"மேல பாத்துட்டு வந்து பேசு."

பாலத்துக்கு அப்பால் பார்த்தேன். எங்கள் வாழ்நாள் முழுக்கப் பலகை நின்ற மேட்டு உச்சியில் வெறும் புல்தான் இருந்தது.

"புது வீடெல்லாம் இந்தக் கரையிலதானே கட்டியிருக்காங்க," என்றான் அனிசே, புதரிலிருந்து எழுந்தபடி. "அதுவும் ஊருக்குள்ளதான்னு ஊராட்சி மன்றத்துல முடிவு பண்ணிட்டாங்க. ஆபீஸ் கதவுல எழுதி ஒட்டியிருக்கே, படிக்கலையா?"

படிக்கவில்லை. யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்? கால்வாயோரம் கொஞ்சம் தள்ளி நான்கு புது வீடுகள் இருப்பது என்னவோ உண்மைதான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

அனிசே கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டே ஒற்றைக் காலில் ஆடினான். ஒதீலுக்குச் சிரிப்பு தாங்காமல் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவன் முகத்தில் இத்தனை வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. என் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. தோற்றதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

"சொல்லுங்க ஐயா, அடுத்த ஞாயிறு எங்கே?" என்று ஒதீல் கேட்டாள்.

"ஆறு," என்றான். "பொடிமீன்."

களைப்பாறப் பலகைக் கம்பத்தில் சாய்ந்தேன். கம்பம் என்னோடு சேர்ந்து சாய்ந்தது.

குனிந்து பார்த்தேன். அடியில் சிமென்ட் இன்னும் ஈரமாக இருந்தது. அதில் ஒரு பெரிய பூட்ஸ் தடம்.

திங்கள் முதல் சனி வரை அனிசே என்ன வேலை செய்கிறான் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. புல் வெட்டுவது, தெருவிளக்கு மாற்றுவது, பள்ளம் மூடுவது என்று சாமொரே ஊராட்சிக்கு இருக்கிற ஒரே வேலையாள் அவன்தான்.

நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் கால்வாயைப் பார்த்தான்.

"வீடுகளுக்கு முன்னாடி நடணும்னு மட்டும்தான் சொன்னாங்க," என்றான். "எந்த இடத்துலன்னு என்கிட்டயே விட்டுட்டாங்க."