பீரோவுக்குள் ஒரு பாட்டில்

புஷ்பவல்லி அந்தப் பாட்டிலை வெறுங்கையால் தொடவில்லை. கேரிபேக்கோடு சேர்த்துப் பிடித்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற கணவர் மருதாசலத்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளே கடுங்காப்பி நிறத்தில் ஏதோ கலங்கிக் கிடந்தது.

"பாருங்க! அவ பைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தா. நம்ம பையனுக்கு மருந்து வெச்சிருக்கா!"

புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் கலந்து கொடுப்பார்களாமே, அந்த மருந்து. சுரங்கத்தில் பர்மனென்ட் வேலையில் இருக்கும் மகன் செந்தில்நாதன் உள்ளே டயாலிசிஸில் கிடக்கிறான். கண் இரண்டும் மஞ்சள், ரெண்டு நாளாக ஒரு சொட்டு மூத்திரம் இல்லை. பெற்றவளுக்கு இப்போது இந்தக் கதை!

"இதை எப்ப எடுத்த?"

"வெள்ளிக்கிழமையே எடுத்துட்டேன். சாட்சிக்கு ஆகும்னு பீரோவுல பூட்டி வெச்சேன். நாக்குல ஒரு சொட்டு வெச்சுக்கூடப் பாத்தேன். உவ்வே! ஒரே உப்புக் கரிப்பு, குடலைப் புரட்டிடுச்சு."

மருதாசலம் முகத்தைச் சுளித்தார். பாட்டிலிலிருந்து பாச்சை உருண்டை வாடைதான் குப்பென்று வந்தது. அந்த வீட்டில் எதை எடுத்தாலும் அதே வாடைதான்.

மருமகள் திலகவதி கம்மாபுரத்துக் கூலிக்காரர் மகள். செந்தில் ஆசைப்பட்டுக் கட்டியவள். அவள் குவார்ட்டர்ஸுக்குள் கால் வைத்த நாளிலிருந்து, 'சேத்து நாத்தம் தாங்கல' என்று பீரோ, கம்பளி, தலையணை உறை ஒன்று விடாமல் பாச்சை உருண்டையைத் திணித்து வைத்திருந்தாள் புஷ்பவல்லி. அந்தப் பெண்ணுக்குத் தட்டு தனி, டம்ளர் தனி. சீ, இதுவும் ஒரு பிழைப்பு!

டாக்டர் புவனா வெளியே வந்தார். கதவோரம் சுருண்டு உட்கார்ந்திருந்த திலகவதி எழுந்து ஓடிவந்தாள். புஷ்பவல்லி பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றாள். மருமகளின் புடவை மேலே பட்டுவிடக் கூடாதாம்.

"செந்திலுக்குப் பிறவியிலேயே ரத்தத்துல ஒரு என்சைம் குறைவா இருக்கும்மா. அம்மாகிட்ட இருந்து பையனுக்கு வர்றது."

"எங்கிட்ட இருந்தா? எங்க வம்சத்துல அந்த அசிங்கமெல்லாம் கிடையாது!"

"அசிங்கம் இல்லம்மா, குறை. இவங்களுக்குச் சில மாத்திரை, பாச்சை உருண்டை இதெல்லாம் ஆகவே ஆகாது. ரத்த அணுக்கள் உடைஞ்சு கிட்னியைக் கெடுத்திடும். வீட்டுல பாச்சை உருண்டை போடுவீங்களா?"

மருதாசலம் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"ஆரம்பத்திலேயே வந்திருந்தா கிட்னியைக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப என்னால உறுதியாச் சொல்ல முடியல. யாருக்குமே ஒண்ணும் தெரியலையா?"

"எனக்குத் தெரிஞ்சுது டாக்டர்," திலகவதி தேம்பினாள். "வாங்க போவலாம்னு கெஞ்சிக்கினே இருந்தேன். ஒடம்பு சூடுதான்னு அத்த மோரு குடுத்தாங்க. அம்மா சொன்னா சரின்னுட்டு அவரும் வரமாட்டேன்னுட்டாரு. சரி, நாமளாவது போயி..."

"நடிக்காதடி!" புஷ்பவல்லி பாய்ந்து வந்து பாட்டிலை டாக்டர் முன்னால் நீட்டினாள். "பாச்சை உருண்டையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இவ குடுத்த வெஷம் இதுதான் டாக்டர். டெஸ்ட் பண்ணிப் பாருங்க!"

திலகவதி அந்தப் பாட்டிலையே வெறித்தாள். அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

"டெஸ்ட் பண்ணத்தான் அத்த நானும் புடிச்சு வச்சிருந்தேன்... அது உங்க புள்ளையோட மூத்திரம்."