தணிகாசலத்தின் இதயம்

ஒரே தடத்தில் ஓட்டாமல் மேடும் சமதளமுமாக மாற்றி மாற்றித் தினமும் சைக்கிள் மிதிப்பவர்களுக்குத்தான் இப்போது கோவையில் பதவி உயர்வு. அதிகாரி தணிகாசலம் அதற்கெல்லாம் மெனக்கெடவில்லை. மிதிப்பதையும் இதயத்துடிப்பையும் கணக்கெடுக்கும் கைப்பட்டையைக் கழற்றி, வீட்டில் சமைக்கும் சொர்ணத்தின் கையில் மாட்டிவிட்டார். திங்களன்று மார்க்கெட், புதனன்று மருதமலை, வெள்ளியன்று பால்வண்டியோடு போட்டி என அவள் மிதித்தாள். அவர் சோபாவில் சாய்ந்து பஜ்ஜி தின்றபடியே மேலாளரானார்.

ஒருநாள் காலை அவருக்கு நெஞ்சை அடைத்தது. சொர்ணம் பதறிப்போய் ஆம்புலன்சுக்கு போன் போட்டாள். எடுத்தவர் நிதானமாகச் சொன்னார்:

"சாரோட கைப்பட்டை ரிப்போர்ட்டைப் பாத்துட்டேன்மா. இருபது வயசுப் பையனோட இதயம். வாயுவா இருக்கும், ஓமத்தண்ணி குடுங்க."

"ஐயோ, அந்த இதயம் என்னுதுங்க!" என்று அவள் கத்துவதற்குள் போனை வைத்துவிட்டார்கள்.

ஆட்டோக்கள் எப்போதோ ஒழிந்துபோயிருந்தன. அவரைச் சைக்கிள் கேரியரில் ஏற்றி, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி மேட்டில் மிதித்தாள். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. பாதி மேட்டில் கைப்பட்டை குதூகலித்தது:

"சபாஷ் தணிகாசலம் சார்! இன்றைக்கு மூட்டையோடு மேடேறுகிறீர்களா? இந்த மாற்றத்தைத்தான் எதிர்பார்த்தோம்!"